களமும் களரியும்: கந்தளாய் நீர் பாயும் நாட்டின் பொதுவியற் கலையரங்கு

களம் என்னுஞ் சொல் தமிழில் விரிந்த பொருளுடையது. உழவர் நெற்கதிரைக் கொணர்ந்து சூடடிக்கும் இடமும் களமே. வீரர் எதிர்நின்று பொரும் இடமும் களமே. கூத்தர் ஆடும் இடமும் ஆடுகளமே. ஏர்க்களத்தின் வளத்தையும் போர்க்களத்தின் வென்றியையும் ஒருங்கு வைத்துப் பாடும் மரபைத் தொல்காப்பியனார் வாகைத்திணையுள் அமைத்தனர். ஈழத்தின் கிழக்குக் கரையில் வாழும் உழவர் தம் கூத்து நிகழும் இடத்தைக் களரி என்பர். நெல் குவிந்த களத்திற்கும் கூத்து நிகழும் களரிக்குமிடையே சொல்லளவில் மட்டுமன்றி வாழ்க்கையளவிலும் உறவுண்டு. அவ்வுறவு யாது, இன்று அதற்கு நேர்ந்த இடையூறு யாது என்பவற்றை ஆராய்வது கலையை விரும்புவார் அனைவர்க்கும் பயன் தருவதாகும்.

கலை வளரவேண்டுமெனின் கலைமண்டபம் வேண்டும் என்பது பலர் கருத்து. மண்டபம் வேண்டாததன்று. ஆயினும் மண்டபமே கலைக்கு இடமாகிவிடுமா என்பது ஆராயற்பாலது. இவ்வினாவிற்கு விடைகாணத் திருகோணமலை மாவட்டமும் அதன் உயிர்நாடியாய் விளங்குங் கந்தளாய்க் குளமும் தக்க சான்றாகின்றன.

குளமும் கோயிலும்

திருகோணமலைத் துறைமுகத்திற்குத் தென்மேற்கே ஏறத்தாழ 25 மைல் தொலைவில், அபரணைக்குச் செல்லும் பெருவழியில் அமைந்துள்ளது கந்தளாய். அங்குள்ள பெருங்குளத்தைக் கி. பி. 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட இரண்டாம் அக்கபோதியின் பணியாகச் சிங்கள வரலாற்று மரபு கூறும். தமிழ் மரபோ அதனைக் குளக்கோட்டன் திருப்பணியெனப் போற்றும். திருக்கோணேச்சரத்திற்குத் திருப்பணி செய்த அவ்வேந்தன், கோயிலின் பூசையும் விழாவும் என்றும் தடையின்றி நடத்தற்பொருட்டு வயல்களை வகுத்து, அவற்றிற்கு நீர் பாய்ச்சுதற்குக் குளத்தையும் கட்டினான் என்பது கவிராச வரோதயர் இயற்றிய கோணேசர் கல்வெட்டு வழிவந்த செய்தி. இவ்விரு மரபும் பெயரில் வேறுபடினும் கருத்தில் ஒன்றுபடுவன: குளமின்றேல் வயலில்லை, வயலின்றேல் கோயிலுமில்லை.

கந்தளாய் அந்தணர் ஊராகவும் விளங்கிற்று. சோழர் ஆட்சிக்காலத்திலும் அதனையடுத்தும் அது சதுர்வேதிமங்கலம் என வழங்கியதைக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. அயலிலுள்ள பளமோட்டையிற் கிடைத்த தமிழ்ச் சாசனமொன்று, நங்கைசானி என்னும் அந்தணப் பெண் தன் கணவன் நினைவாகச் சிவன்கோயிலுக்கு அறக்கொடை வழங்கியதையும், அவ்வறத்தை வேளைக்காரப் படையினர் காத்துநின்றதையும் தெரிவிக்கின்றது. 12ஆம் நூற்றாண்டின் இறுதியிற் பொலனறுவையிலிருந்து ஆண்ட நிசங்கமல்லனின் கல்லாசனச் சாசனமும் கந்தளாயில் உண்டு. அஃது ஆங்கிருந்த பார்வதி சத்திரத்தைக் குறிப்பிடுகின்றது. அரசும் கோயிலும் சத்திரமும் ஒருங்கு விளங்கிய ஊர் அது.

கோணேசர் கல்வெட்டுக் கோயிற்றொழும்பினரின் கடமைகளை விரித்துரைக்கும் நூல். விளக்கேற்றல், பூத்தொடுத்தல், நெற்குற்றல் முதலாய பணிகளோடு ஆடலும் பாடலும் வாத்தியம் முழக்கலும் அதன்கண் அடங்குவன. ஒவ்வொரு பணிக்கும் உரியார் உளர். அவர்க்கு வாழ்வளிக்க நிலமும் உண்டு. எனவே பண்டைக் கோயிற்கலையின் அடிப்படை, வயலின் விளைச்சலும் அதனைப் பகிர்ந்தளிக்கும் ஒழுங்கும் ஆகும். 1620களிற் போர்த்துக்கேயர் திருக்கோணேச்சரத்தை இடித்தழித்தபோது தகர்ந்தவை கற்றூண்கள் மட்டுமல்ல, அவ்வொழுங்கும் தளர்ந்தது. பின்னர்த் தம்பலகாமத்து ஆதிகோணநாயகர் கோயில் அம்மரபின் ஒரு பகுதியைத் தாங்கிற்று. கந்தளாய் நீர் பாயும் தம்பலகாம வயல்களின் நடுவே அக்கோயில் இன்றும் நிற்பது இவ்வுறவின் கண்கண்ட சான்றாகும்.

ஒன்று மட்டும் ஈண்டு நினைவிற் கொள்ளற்பாலது. அரசையும் பெருங்கோயிலையும் சார்ந்து நின்ற கலை, அவை தளர்ந்தபொழுது தானும் தளர்ந்தது. ஆயின் மற்றொருவகைக் கலை எவரையும் சாராது ஊரின் நடுவே வாழ்ந்துகொண்டிருந்தது.

வேத்தியலும் பொதுவியலும்

பண்டைத் தமிழர் கூத்தினை வேத்தியல், பொதுவியல் என இரண்டாக வகுத்தனர். வேந்தன் முன்னிலையில் ஆடுவது வேத்தியல். பொதுமக்கள் காண ஆடுவது பொதுவியல். வேத்தியற் கூத்திற்குரிய அரங்கின் இலக்கணத்தைச் சிலப்பதிகார அரங்கேற்று காதை நுணுக்கமாகக் கூறும். பெருவிரலளவில் 24 கொண்டது ஒரு கோல். அக்கோலால் 7 கோல் அகலமும் 8 கோல் நீளமும் 1 கோல் உயரமும் உடையதாய் அரங்கு அமைதல் வேண்டும். புகுவதற்கும் போவதற்கும் இரு வாயில்கள் வேண்டும். ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என மூவகைத் திரை வேண்டும். தூண்நிழல் அவையில் வீழாதவாறு விளக்கு வைத்தல் வேண்டும். உலக நாடக வரலாற்றில் இத்துணை நுட்பமான அரங்கிலக்கணம் பழைய நூல்களிற் காண்டல் அரிது.

பொதுவியற் கூத்திற்கோ இவ்வாறு அளந்து கூறிய இலக்கணம் நூல்களிற் பெரிதும் கிடைத்திலது. அதனால் அதற்கு இலக்கணமே இல்லையென்பார் உளர். அது பொருந்தாது. ஏட்டில் எழுதப்படாத இலக்கணம் ஆட்டத்திலும் ஊரார் வழக்கிலும் பொதிந்து கிடக்கின்றது. அதனைக் காணவேண்டின் கிழக்கிலங்கையின் கூத்துக் களரியை நோக்குதல் வேண்டும்.

களரியின் அமைப்பு

கிழக்கிலங்கைக் கூத்து மரபு மட்டக்களப்பில் மிகச் செழித்தது. வெருகலாற்றிற்கு வடக்கே கொட்டியாரப் பற்றிலும் மூதூரைச் சூழ்ந்த தமிழ்க் கிராமங்களிலும் அம்மரபு வேரூன்றியது. வடமோடி, தென்மோடி என அஃது இருவகைப்படும். பாரத, இராமாயணப் போர்க்கதைகள் பெரும்பாலும் வடமோடிக்கு உரியன. காதலும் வியப்பும் நிறைந்த கதைகள் தென்மோடியில் மிகுதி. ஆட்டமுறை, உடை, பாடுமுறை ஆகியவற்றிலும் இரண்டும் வேறுபடும். வடமோடி மன்னர் அணியும் பாரமான கரப்புடுப்பும் உயர்ந்த முடியும் தென்மோடிக்கு இல்லை.

களரி என்பது வெட்டவெளியில் வட்டமாக மண்ணிட்டுச் சற்றே உயர்த்திய மேடை. கோயில் முன்றிலோ ஊர்ப்பொது நிலமோ அதற்கு இடமாகும். சுற்றிலும் கம்புகள் நட்டுத் தோரணங் கட்டுவர். களரியின் நடுவே மத்தளத்தோடு அண்ணாவியார் நிற்பர். தாளம் போடுவோரும் பிற்பாட்டுக்காரரும் ஏடு பார்ப்போரும் அவரைச் சூழ்ந்து நிற்பர். கூத்தர் இவர்களைச் சுற்றி வட்டமிட்டு ஆடுவர். காண்போர் நாற்புறமும் அமர்வர். முன்வரிசை, பின்வரிசை என்னும் வேறுபாட்டிற்கு வட்டத்தில் இடமில்லை. நுழைவுச்சீட்டில்லை, கதவுமில்லை. இரவிற் றொடங்கிய கூத்து விடியற்காலையில் முடிவுறும். குழந்தைகள் பாயில் உறங்குவதும், தாம் விரும்பிய வரவு வரும்போது விழித்துக் காண்பதும், முதியோர் அடுத்த அடியைக் கூத்தனுக்கு முன்னரே வாய்க்குட் பாடுவதும் களரியில் இயல்பான காட்சிகள். காண்போரும் கூத்தின் பகுதியாவர்.

கிரேக்கரின் நாடக அரங்கிலும் வட்டமான ஆடுமிடமொன்று உண்டு. அதற்கு அவர் இட்ட பெயர் ஓர்க்கெஸ்ட்ரா என்பது. சூடடிக்கும் களத்திலிருந்தே அவ்வட்டம் தோன்றிற்றென அறிஞர் சிலர் கருதுவர். தமிழரோ ஆராய்ச்சி வேண்டாதே களம் என்னும் ஒரே சொல்லால் இரண்டையும் உணர்த்தினர்.

கூத்துப் பழகும் முறை

களரியின் மேன்மையை அறியவேண்டின் ஆட்ட இரவை மட்டும் நோக்குதல் போதாது. அதற்குமுன் கழியும் திங்கள்களே அதன் உயிர். ஊரார் கூடி இன்ன கூத்தை ஆடுவதென முடிவு செய்வர், அண்ணாவியாரை அழைப்பர். அவர் ஒவ்வொருவரின் தோற்றம், குரல், உடல்வலி ஆகியவற்றை நோக்கி அவரவர்க்கேற்ற பாத்திரத்தை வகுப்பர். பின்னர் ஒரு நன்னாளிற் சட்டங் கொடுத்தல் நிகழும். சட்டம் என்பது ஒவ்வொரு கூத்தனும் பாடவேண்டிய பகுதி எழுதிய ஏடு. அதன்பின் இரவுதோறும் பயிற்சி நடைபெறும். பகலெல்லாம் வயலில் உழைத்தோர் இரவில் மத்தளவொலி கேட்டுக் கூடுவர். கால் பழகியபின் சதங்கை அணிவிக்கும் சடங்கு, இறுதியாக அடுக்குப் பார்த்தல் என்னும் முழுமையான ஒத்திகை, அதன்பின் அரங்கேற்றம். அரங்கேற்றம் முடிந்தபின் வீட்டுக்கு வீடு சென்று ஆடுவதும் மரபு. களரிக்கு வந்த ஊரைத் தேடிக் களரியே மீண்டுஞ் செல்லும் வழக்கம் அஃதாகும்.

இவற்றுக்கெல்லாம் பொருள் எங்கிருந்து வருகின்றது? மாரிப்போகத்து நெல் மாசி, பங்குனியில் அறுவடையாகும். களஞ்சியம் நிறைந்த காலமே கோயிற் சடங்கின் காலம். அதுவே கூத்தின் காலமுமாகும். உடுப்பிற்கும் அண்ணாவியாரின் மதிப்புக்கும் வேண்டிய செலவைக் கூத்தரும் ஊராரும் பகிர்ந்துகொள்வர். மரங் கொடுப்போர், மண் சுமப்போர், விளக்கிற்கு எண்ணெய் தருவோர் எனப் பங்கு பலவகைப்படும். பங்கு கொடாத வீடு அரிது.

குளத்து நீரைப் பகிரும் முறையும் இதனையொத்ததே. விதைப்புக்கு முன் கமக்காரர் கூடிப் பயிர்ச்செய்கைக் கூட்டம் நடத்துவர். நீர் திறக்கும் நாளும் விதைக்கும் நாளும் ஆங்கே முடிவாகும். வாய்க்காலைத் துப்புரவாக்குவதில் ஒவ்வொருவர்க்கும் பங்குண்டு. வட்டவிதானையார் அதனை மேற்பார்ப்பர். தன் பங்கு வாய்க்காலைச் செப்பஞ் செய்தவன் நீரில் உரிமை பெறுகின்றான். களரியும் அத்தகையதே. மண் சுமந்தவன் கூத்தின்மேல் உரிமையுடையவன். ஆட்டம் பிழைத்தால் இடித்துரைக்கவும் அவனுக்கு உரிமையுண்டு. நாட்டுக்கூத்தின் கண்டிப்பான திறனாய்வாளர் அவ்வூர்ப் பாமரரே என்பதற்குக் காரணம் இதுவாகும். இவ்வுரிமையே பொதுவியற் கலையின் எழுதாத இலக்கணம்.

எனினும் களரி குறையற்றதென்று கூறுதல் உண்மைக்கு மாறாகும். மகளிர் வேடத்தையும் ஆடவரே தாங்கினர். மகளிர்க்குக் களரியில் இடமளிக்கப்படவில்லை. யார் எவ்வேடம் புனைவது, யார் எவ்விடத்தமர்வது என்பவற்றிற் சாதி வேற்றுமையும் புகுந்ததுண்டு. வட்டம் அமைப்பாற் பொதுவாயினும் ஊரின் மேடுபள்ளங்கள் அதன்கண்ணும் நிழலிட்டன. இக்குறையை மறைத்துக் களரியைப் போற்றுவது அதற்குச் செய்யும் நன்மையாகாது.

நகர அரங்கின் அழைப்பு

கற்றோர் நெடுங்காலம் நாட்டுக்கூத்தைப் பொருட்படுத்தவில்லை. 1920களில் திருகோணமலை இந்துக் கல்லூரியைப் பொறுப்பேற்று நடத்திய சுவாமி விபுலாநந்தர் நாடகக்கலையில் ஆழ்ந்த ஈடுபாடுடையவர். அவர் 1926இல் வெளியிட்ட மதங்க சூளாமணி, செகசிற்பியார் என அவர் தமிழ்ப்படுத்திய ஆங்கிலக் கவியின் நாடகங்களையும் வடமொழித் தசரூபகத்தையும் பண்டைத் தமிழ் நாடக இலக்கணத்தையும் ஒருங்கே ஆராய்வது. 1947இல் வெளிவந்த யாழ்நூலோ மறைந்த இசைக்கருவியொன்றை மீட்டளித்தது. அக்காலத் தமிழறிஞரின் முதன்மை நோக்கம் இழந்த செவ்வியற் செல்வத்தை மீட்பதாயிருந்தது. கண்முன் வாழ்ந்த கூத்தினை ஆராயும் பணி அடுத்த தலைமுறைக்கு எஞ்சியது.

அப்பணியைத் தூண்டியது சிங்கள நாடக உலகில் நிகழ்ந்த ஒரு மாற்றம். 1953இற் கொழும்பில் திறக்கப்பட்ட லயனல் வென்ற் அரங்கு, ஒளிப்படக் கலைஞரும் 1943ஆம் ஆண்டுக் குழு என்னும் ஓவியர் குழுவின் ஊக்குநருமாகிய லயனல் வென்ற் நினைவாக அமைந்தது. அவ்வரங்கில் 1956இற் பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திரர் மனமே என்னும் நாடகத்தை மேடையேற்றினார். அதன் ஆட்டமும் பாட்டும் நாடகம் எனச் சிங்களவர் வழங்கும் கிராமியக் கூத்து வடிவைத் தழுவின. அவ்வடிவமோ மேற்குக்கரைக் கத்தோலிக்கரிடையே வழங்கிய தமிழ்க்கூத்திலிருந்து கிளைத்தது என்பதைச் சரச்சந்திரரே தம் ஆய்வில் எடுத்துரைத்தனர். தமிழ்க்கூத்தின் வித்து சிங்கள மண்ணிற் புதிதாய்த் தழைத்ததைக் கண்ட தமிழறிஞர் தம் வீட்டுச் செல்வத்தைத் திரும்பி நோக்கினர்.

பேரதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1950களின் பிற்பகுதியிலிருந்து இலங்கைக் கலைக்கழகத்தின் தமிழ் நாடகக் குழுவிற்குத் தலைமை தாங்கினார். ஊர்கள்தோறுங் கூத்துகளைத் தேடிக் கண்டார், அண்ணாவிமாரைப் போற்றினார், அலங்காரரூபன் நாடகம் முதலாய ஏட்டுப் பிரதிகளை 1962 முதலாக அச்சிற் கொணர்ந்தார். அவ்வாண்டிலேயே மாணவரைக் கொண்டு கர்ணன் போர் என்னும் கூத்தைப் புதுமுறையில் தயாரித்தார். நொண்டி நாடகம், இராவணேசன், வாலிவதை என்பன அவ்வழியில் 1960களிற் றொடர்ந்தன. வந்தாறுமூலை செல்லையா அண்ணாவியார் அம்மாணவர்க்கு ஆட்டம் பழக்கினார். ஓரிரவு முழுதும் நிகழ்வது ஒன்றிரண்டு மணி நேரத்திற்குச் சுருங்கியது. நாற்புறக் களரி ஒருபுறம் நோக்கும் மேடையாயிற்று. பாத்திரத்தின் உள்ளப் போராட்டம் புதிதாய் விளக்கமுற்றது.

இம்முயற்சியால் விளைந்த நன்மை பெரிது. கூத்துப் படியாதார் பொழுதுபோக்கு என எள்ளியோர் அதனை வியந்து நோக்கினர். பாடசாலையிலும் பல்கலைக்கழகத்திலும் அதற்கு இடங் கிடைத்தது. அண்ணாவியார் ஆசிரியரென மதிக்கப்பெற்றார். இவற்றை மறுத்தல் நன்றியன்று.

ஆயினும் நகர மேடைக்குச் சென்றபோது கூத்து எதனைக் கொண்டுசென்றது, எதனை விட்டுச்சென்றது என்பது வேறு வினா. ஆட்டம் சென்றது, பாட்டுச் சென்றது, உடுப்பும் மத்தளமும் சென்றன. மண் சுமந்தவனின் உரிமை செல்லவில்லை. எந்நாளில் ஆடுவது, எத்துணை நேரம் ஆடுவது, எதனைச் சுருக்குவது என்பவற்றை ஊரார் முடிவு செய்யும் நிலை மாறி, விழா நடத்துவோர் முடிவு செய்யும் நிலை தோன்றிற்று. பின்னாளில் அரசவிழா மேடைகளிற் கூத்துக்குக் கால்மணி, அரைமணி நேரம் ஒதுக்கும் வழக்கமும் ஏற்பட்டது. வரவாட்டம் மட்டும் ஆடி இறங்கும் கூத்தனுக்குக் கைதட்டல் கிடைக்கும்; அவன் ஊருக்குக் கூத்துக் கிடைப்பதில்லை. பொதுவியலாய்ப் பிறந்த கலை மீண்டும் வேத்தியலாகும் வழி இது.

நீரும் போரும்

கந்தளாயின் சூழலும் இக்காலத்திற் பெரிதும் மாறிற்று. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அரசின் குடியேற்றத் திட்டத்தால் நாட்டின் பிற பகுதிகளிலிருந்து உழவர் வந்து குடியேறினர். இன்று சிங்களவர், முஸ்லிம்கள், தமிழர் ஆகிய மூவினத்தாரும் வாழும் ஊர் அது. 1986ஆம் ஆண்டு ஏப்பிரல் 20ஆம் நாள் விடியற்காலையிற் குளக்கட்டு உடைந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஆயிரக்கணக்கான வீடுகளும் வயல்களும் வெள்ளத்துள் மூழ்கின. வெள்ளம் இனம் நோக்கிப் பாயவில்லை. பல நூற்றாண்டு நின்ற கட்டும் பேணாது விடின் ஓரிரவிற் போகும் என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்திற்று.

கலைக்கும் அத்தகைய உடைவு நேர்ந்தது. 1980கள் முதலாக மாவட்டமெங்கும் வன்செயலும் போரும் மக்களை ஊர்விட்டு ஊர் துரத்தின. 2004ஆம் ஆண்டுக் கடற்கோள் கரையோர ஊர்களைச் சிதைத்தது. 2006இல் மூதூர் கிழக்கிலும் சம்பூரிலும் மக்கள் ஒருங்கே இடம்பெயர்ந்தனர். சம்பூர் மக்களுட் பலர் 2015, 2016ஆம் ஆண்டுகளிலேயே தம் நிலத்திற்கு மீளமுடிந்தது. ஏறத்தாழப் பத்தாண்டு என்பது சிறுவன் ஒருவன் இளைஞனாகும் காலம். கூத்து மரபிலோ அது பேரிடைவெளி. சட்டம் வாங்கவேண்டிய பருவத்தை முகாமிற் கழித்தவனுக்கு அப்பருவம் மீண்டும் வாராது.

ஓடிச்செல்லும் மக்கள் முதலிற் குழந்தைகளையும் முதியோரையும் காப்பர். அடுத்து உணவையும் உடையையும் எடுப்பர். கூத்தேடும் உடுப்பும் மத்தளமும் வீட்டிலேயே எஞ்சும். அவை அழிந்தபின் மிஞ்சுவது அண்ணாவியாரின் நினைவு ஒன்றே. களரியை ஒரு பகலில் மண்ணிட்டு அமைக்கலாம். அண்ணாவியார் ஒருவரை ஆக்க ஒரு வாழ்நாள் வேண்டும். மீள்குடியேறிய ஊர்களிற் கட்டடங்கள் எழுந்தன. கூத்து மரபு மீள்வதற்கோ கட்டடத்தினும் வேறொன்று வேண்டும்.

மீளுருவாக்கம்

அவ்வேறொன்று யாது என்பதற்கு மட்டக்களப்புச் சீலாமுனையில் நிகழ்ந்த முயற்சி விடை தருகின்றது. கிழக்குப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நாடகவறிஞர் சி. ஜெயசங்கரும் மூன்றாவது கண் என்னும் உள்ளூர் அறிவுத்திறன் குழுவினரும் 2000களின் தொடக்கத்திலிருந்து அவ்வூரின் கூத்தரோடு கூடிப் பணிபுரிந்தனர். கூத்தை ஊரிலிருந்து மேடைக்குக் கொண்டுசெல்வது அவர் நோக்கமன்று. ஊரிலேயே, ஊராரைக் கொண்டே, களரியிலேயே அதனை மீளுருவாக்குவது நோக்கம். பழைய பாடலில் மகளிரையும் தாழ்த்தப்பட்டோரையும் இழித்துரைக்கும் பகுதி வருமாயின் அதனை ஊரார் கூடியிருந்து வினவுவர்; கலந்துபேசி மாற்றுவர். முன் குறித்த குறைகளைக் களைதற்குக் களரியை விட்டு நீங்கவேண்டுவதில்லை. களரியே அதற்கு மன்றமாகும் என்பதை அம்முயற்சி காட்டிற்று.

வித்தியானந்தன் வழியும் சீலாமுனை வழியும் ஒன்றையொன்று மறுப்பன என்று சிலர் வாதிடுவர். நுணுகி நோக்குமிடத்து அவை வெவ்வேறு தேவைக்கு எழுந்தவை. முன்னது கூத்தினை உலகறியச் செய்தது. பின்னது ஊரறியச் செய்வது. உலகறிந்த கலையை ஊர் மறப்பின் அது காட்சிப்பொருளாகும். ஆதலின் பின்னதன் தேவை இன்று மிகுதி.

கந்தளாயை அடுத்த நாட்டிற்கு இப்பாடம் மிகப் பொருந்தும். அங்குக் கூத்து ஒன்றே கலையன்று. கிழக்கிலங்கை முஸ்லிம்கள் களிகம்பும் சீனடியும் றபான் இசையும் பேணுவோர். சிங்கள உழவர்க்கும் களப்பாட்டும் அறுவடைப் பாட்டும் உள. தமிழ்க்கூத்தின் வழிவந்த நாடகவடிவைச் சிங்களவர் தமதாக்கிய வரலாறு முன்னர்க் கூறப்பட்டது. ஒரே குளத்து நீரைப் பங்கிட்டுண்போர் ஒருவர் களத்தின் ஆட்டத்தை மற்றவர் அமர்ந்து காண்பது புதுமையாகாது. வட்டமான களரிக்கு நாற்புறமும் வழியுண்டு.

இதற்கு வேண்டுவன பெரும்பொருளல்ல. ஊரின் நடுவே கட்டடமின்றி விடப்பட்ட ஒரு பொதுநிலம் முதலாவது தேவை. அதனை எவரும் வளைத்துக்கொள்ளாது காத்தல் ஊராட்சியின் கடன். எஞ்சியுள்ள ஏடுகளைப் படியெடுத்தலும், முதிய அண்ணாவிமாரின் மத்தளச் சொற்கட்டுகளையும் பாடல்களையும் ஒலிப்பதிவு செய்தலும் இரண்டாவது. அது கல்லூரி மாணவர் மேற்கொள்ளத்தக்க பணி. மூன்றாவது, கூத்தின் நாளையும் நேரத்தையும் உருவையும் முடிவு செய்யும் உரிமையை ஆடுவோரிடமே விடுதல். உதவி செய்வோர் அரசினராயினும் செல்வராயினும் இம்மூன்றாவதை மறவாதிருத்தல் வேண்டும்.

கந்தளாய்க் குளத்தின் மதகு திறக்கும்போது நீர் தம்பலகாம வயலைத் தேடித் தானே ஓடும் என்று காண்பார்க்குத் தோன்றும். அவ்வாறன்று. வாய்க்காலைப் பலர் ஆண்டுதோறும் வெட்டித் துப்புரவாக்கியதனாலேயே நீர் ஓடுகின்றது. வாய்க்கால் தூர்ந்தபின் குளம் நிறைந்திருப்பினும் வயல் காயும். ஒரு நாட்டின் கலையறிவு எத்துணை நிறைந்திருப்பினும், அதனை ஊருக்குக் கொணரும் களரி தூர்ந்துபோயின் பயனில்லை. மண் சுமக்கும் கை உள்ளவரையில் களரி உண்டு. களரி உள்ளவரையில் பொதுவியற் கலைக்கு அழிவில்லை.